கிணற்றுக்குள் இறங்குதல்

பெரம்பலூரில் துறையூர் சாலையோரம், டயர் கடைக்கும் உரக்கடைக்கும் இடையில் இருக்கிறது வெற்றிச்செல்வியின் மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரின் கருகிய செப்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவது அவள் தொழில். முதல்முறை வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "வைண்டர் வெளிய போயிருக்காருங்களா?" என்று அவளிடமே கேட்பார்கள். "நான்தாங்க. எறக்கி வைங்க" என்பாள்.

அவள் அம்மா காத்தாயி வாழ்நாளெல்லாம் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர். அந்தக் குடும்பத்துக்குக் கிணறு என்பது எப்போதும் பிறத்தியாருடையது. வெற்றிச்செல்வி ஐ.டி.ஐ. முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருடம் மோட்டாருக்கான கம்பிச்சுருள், அதாவது காயில் சுற்றினாள். கல்யாணமாகி வந்த பிறகு சொந்தமாகக் கடை போட்டாள். கணவர் அறிவழகன் அரியலூரிலிருந்து சிமென்ட் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

இந்தத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ், அதாவது எவ்வளவு பருமனான கம்பி என்று தெரிய வேண்டும். காயில் கட்டியாகக் கருகிவிட்டால் எண்ண முடியாது. ஒவ்வொரு வைண்டரும் தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருப்பார். இன்னொருவருக்குக் காட்ட மாட்டார். வெற்றிச்செல்வி கடை போட்ட புதிதில் ஒரு ஜெர்மன் மோட்டாருக்காக ஐந்து கடை ஏறி இறங்கினாள். ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே தெரியாது என்றார்கள். அதில் இரண்டு பேருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது.

கொரோனா ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, தன் நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து ஒரு வாட்ஸப் குழுவில் போட்டாள். யார் கேட்டாலும் சேர்த்துக்கொண்டாள். அறுபது பேர் சேர்ந்த பிறகு எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. காலை வணக்கம் படங்களுக்கு நடுவே காயில் கணக்கெல்லாம் தொலைந்து போனது.

அந்தச் சமயத்தில்தான் அம்பிகா வந்தார். அரியலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் டீச்சர். வீட்டு மோட்டார் எரிந்து கொண்டுவந்தவர், பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "யாரு வேணும்னாலும் எழுதலாம், யாரு வேணும்னாலும் திருத்தலாம், அப்படி ஒரு வெப்சைட் போட்டுடலாங்க்கா. சாஃப்ட்வேர் சும்மாவே கெடைக்குது" என்றார்.

இருவரும் ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். 'மோட்டார் கையேடு' என்று பெயர் வைத்தார்கள். முதலில் தலைப்புகளை எல்லாம் போட்டுவிடலாம், பிறகு ஒவ்வொன்றாக நிரப்பலாம் என்றாள் வெற்றிச்செல்வி. முந்நூற்று நாற்பது தலைப்புகள். காலியாக இருக்கும் பக்கத்தைத் திறந்தால், 'இந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை' என்று வரும்படி அம்பிகா செய்திருந்தார். வருகிறவர்களை வெறும் கையோடு அனுப்புவது போல இருக்கிறதே என்று வெற்றிச்செல்வி அதே வரியில் இன்னொன்று சேர்த்தாள்: 'விரைவில் வரும்.'

இரண்டு வருடத்தில் கையேடு அவள் நினைத்ததைவிடப் பெரிதானது. ஜெயங்கொண்டத்திலிருந்தும் வேப்பந்தட்டையிலிருந்தும் எழுதினார்கள். ஆத்தூர்க்காரர் ஒருவர் அவள் போட்ட ஒரு கணக்கில் நான்கு சுற்று குறைவு என்று திருத்தினார். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. வைண்டர்கள் மட்டுமில்லாமல் பம்ப் மெக்கானிக்குகளும் வர ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் நின்றபடியே போனில் திறந்து பார்த்து வேலை செய்தார்கள்.

எறையூர் அய்யம்பெருமாள் அவர்களில் ஒருவர். கரும்புத் தோட்டங்களில் முப்பது வருடமாகப் பம்ப் வேலை பார்த்தவர். அவருக்கு டைப் அடிக்க வராது. வாட்ஸப்பில் பேசி அனுப்புவார், வெற்றிச்செல்வி கேட்டு எழுதிப் போடுவாள். நேரில் பார்த்ததில்லை. இருமலோடு சேர்ந்த அந்தக் குரல் மட்டும் நன்றாகப் பழகியிருந்தது.

2023 மார்ச்சில் அவரிடமிருந்து ஒன்று வந்தது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பேச்சு.

"தாயி, கெணத்துக்குள்ள எறங்குறதுன்னு ஒரு தலைப்பு போட்டுச் சும்மா வெச்சிருக்கியே, அதுக்கு நான் சொல்றேன், எழுதிக்க. மொதல்ல ஒண்ணு..."

அதுவரைதான் கேட்டாள். வெயில் ஏற ஏற மோட்டார்கள் எரிகிற காலம் அது. கடைவாசல் தாண்டி ரோடு வரை மோட்டார்கள் வரிசையில் கிடந்தன. இது காயில் சமாசாரமும் இல்லை. கிணற்றில் இறங்குகிறவனுக்கு இறங்கத் தெரியாதா, இதை யார் தேடிப் படிக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. பிறகு கேட்கலாம் என்று நட்சத்திரக் குறி போட்டுவைத்தாள். ஏப்ரல் போனது.

மே மாதம் மூன்றாவது வாரம் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் காடு வைத்திருக்கும் செல்லதுரை என்ற விவசாயி, ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஒன்றை இறக்கினார். மேலெல்லாம் கறுப்புச் சேறு காய்ந்து அப்பியிருந்தது.

"இதைக் கொஞ்சம் சீக்கிரம் கட்டிக் குடும்மா. மஞ்சள் காயுது" என்றார். பிறகு அவராகவே, கேட்காமலே சொன்னார். "இத எடுக்கப் போயித்தாம்மா ஒரு பையன் செத்துப்போயிட்டான்."

வெற்றிச்செல்வி கையில் இருந்த கட்டரைக் கீழே வைத்தாள். "என்னண்ணே சொல்றீங்க?"

"வாலிகண்டபுரத்துப் பையன். சுரேஷ்குமாருன்னு பேரு. கல்யாணமாயி மூணு வருசந்தான் ஆவுது. மோட்டாரு கயிறு அறுந்து சேத்துல மாட்டிக்கிச்சு. தண்ணியெறைக்க டீசல் எஞ்சினக் கெணத்துக்குள்ள இருக்கற தட்டுல எறக்கி வெச்சு, காலைல வரைக்கும் ஓட்டுனோம். அவன் ஒண்ணும் வெவரம் இல்லாத ஆளு இல்லம்மா. நல்ல காத்து இருக்கான்னு பாக்கப் பேப்பரக் கொளுத்தி உள்ள போட்டான். அது அடிவரைக்கும் எரிஞ்சுதான் போச்சு. அப்புறமும் எறங்காம, போன எடுத்து என்னமோ பாத்துக்கிட்டே நின்னான். யாருக்குப்பா போன்னு கேட்டேன். இல்லங்க, ஒண்ணு பாக்கணும்னான். பாத்தான். திரும்பவும் பாத்தான். அப்புறம் சட்டையக் கழட்டி மடிச்சு, போன அதுக்குள்ள வெச்சுட்டு எறங்குனான். பாதி வரைக்கும் பேசிக்கிட்டேதான் போனான்."

அவர் மோட்டாரில் அப்பியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். "நான் பின்னாடியே எறங்கப் பாத்தேன். எம் பொண்டாட்டி வேட்டியப் புடிச்சுக்கிட்டு வுடல. ஃபயர் சர்வீஸ்காரங்க வந்துதான் தூக்குனாங்க."

"என்னிக்குண்ணே?"

"பதிமூணாந்தேதி. சனிக்கெழம. பதினொரு மணி இருக்கும்."

அவர் போன பிறகு வெற்றிச்செல்வி கையேட்டைத் திறந்தாள். எந்தப் பக்கத்தை எந்த நேரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கணக்கு ஒன்று அதில் உண்டு. மே பதிமூன்று என்று போட்டாள். 'கிணற்றுக்குள் இறங்குதல்' என்ற பக்கம் அன்று மூன்று முறை திறக்கப்பட்டிருந்தது. மூன்றும் காலை பத்து ஐம்பத்திரண்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பிறகுதான் அய்யம்பெருமாளின் பேச்சை முழுதாகக் கேட்டாள். கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு, காதோடு போனை அழுத்திக்கொண்டு கேட்டாள். இரண்டாவது நிமிடத்தில் அவர் சொன்னார்: "எஞ்சின் பொகை இருக்கே தாயி, அது வெளக்க அணைக்காது. வெளக்கு எரியுதேன்னு நம்பி எறங்கிடக் கூடாது. உள்ள எஞ்சின் ஓட்டுனா அன்னிக்கு எறங்குற சோலியே வேணாம்."

அன்று மாலை வரை அவள் ஒரு மோட்டாரும் தொடவில்லை.

செல்லதுரையின் மோட்டார் ஒரு வாரம் மூலையில் கிடந்தது. வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் அது இருப்பது தெரிந்துகொண்டே இருக்கும். ஆள் நிற்பது போலத் திரும்பிப் பார்ப்பாள். கழுவாமல் இருந்தால் சேற்று வாடை. கழுவினால் அந்தக் கிணற்றின் மண் தன் கடைச் சாக்கடையில் போகுமே என்று இருந்தது. கடைசியில் கழுவினாள். கருகிய காயிலை வெட்டி எடுத்தாள். புதுக் கம்பி சுற்றும்போது, விளிம்பில் நின்று குனிந்து போனைப் பார்க்கிற ஒருவன் கண்ணுக்குள் வந்தான். முகம் தெரியாது. மடித்த சட்டை தெரிந்தது. கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்துவிட்டு மறுபடி பார்ப்பது தெரிந்தது.

ஊருக்கு வந்த அறிவழகன் அவள் சாப்பிடாததைப் பார்த்துக் கேட்டார். சொன்னாள்.

"நீ எழுதியிருந்தாலும் அவன் எறங்கியிருப்பான்" என்றார் அவர்.

"அப்ப ஏன் மூணு தடவ பாத்தான்?"

அவர் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்தப் பக்கத்தை உடனே எழுதிவிடத்தான் நினைத்தாள். உட்கார்வாள். முதல் வரி வராது. இப்போது எழுதினால் யாருக்காக என்று ஒரு கேள்வி வந்து மறித்துக்கொள்ளும். இப்படியே ஜூன் வந்தது. ஆனால் தினமும் கணக்கைத் திறந்து பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. அப்படிப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது.

அந்தப் பக்கம் தினமும் ஒருமுறை திறக்கப்பட்டது. தினமும் காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு.

முதலில் தற்செயல் என்று நினைத்தாள். ஒன்பது நாள் பார்த்தாள். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. அம்பிகாவுக்குப் போன் செய்து, அது யார் என்று பார்க்க முடியுமா என்று கேட்டாள். அம்பிகா சற்று நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"யாருன்னு தெரியாதுக்கா. ஆனா ஒரே போன்தான். மே பதிமூணாந்தேதி மூணு தடவ தொறந்ததும் இதே போன்தான்."

கடைக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டயர் கடையில் யாரோ காற்றுப் பிடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து ரோட்டில் போய் நின்றாள். ஆள் நடமாட்டத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் பத்து ஐம்பத்திரண்டுக்கு முன்பே கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண் ஒன்று கூடியது. அவள் கண்ணெதிரிலேயே கூடியது.

செல்லதுரையிடம் அடையாளம் கேட்டுக்கொண்டு வாலிகண்டபுரத்துக்கு பஸ் ஏறினாள். சிவன் கோயிலைத் தாண்டி, ஓடு போட்ட சிறிய வீடு. வாசலில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் தூசி படிந்து நின்றது; அதன் பின்னால் கயிறும் ஸ்பேனர் பையும் கட்டியபடியே இருந்தன. இருபத்தைந்து வயது இருக்கும் பெண் வெளியே வந்தாள். சுரேஷ்குமாரின் மனைவி நந்தினி.

"பெரம்பலூர்ல மோட்டார் கடை வெச்சிருக்கேன். எம் பேரு வெற்றிச்செல்வி."

"அவரு ஏதாச்சும் வேலைய முடிக்காம வுட்டுட்டாருங்களா?"

"இல்லம்மா. அவரு போன் ஒங்கிட்ட இருக்கா?"

நந்தினி உள்ளே போய் எடுத்துவந்தாள். திரையைத் தொட்டதும் அந்தப் பக்கம்தான் இருந்தது. தலைப்பு. அதற்குக் கீழே ஒரே வரி.

"அவரு கடைசியா பாத்தது இதாங்க்கா. மொதல்ல தொறந்த மணியும் போன்லயே இருந்துச்சு, பத்து அம்பத்திரண்டு. தெனமும் அந்த நேரத்துக்குத் தொறந்து பாப்பேன். விரைவில் வரும்னு போட்டிருக்குல்ல. வந்துருச்சான்னு பாப்பேன்."

வெற்றிச்செல்வி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "அத எழுதுனது நான்தாம்மா."

நந்தினி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "என்ன எழுதணும்னு ஒங்களுக்குத் தெரியாதா அப்ப?"

"தெரிஞ்ச ஒருத்தரு சொல்லி அனுப்பிச்சிருந்தாரு. ரெண்டு மாசமா என் போன்லயே கெடந்துச்சு. நான் கேக்கல."

பொய் சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது. அப்போது தோன்றவில்லை.

நந்தினி எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "போடுங்க. நான் கேக்கணும்."

அய்யம்பெருமாளின் குரல் அந்த வாசலில் கேட்டது. இருமினார். கயிறு பற்றிச் சொன்னார். இடுப்பில் கட்டாமல் இறங்கக் கூடாது, மேலே இரண்டு பேர் இருக்க வேண்டும் என்றார். எஞ்சின் புகையும் விளக்கும் வந்த இடத்தில் நந்தினி கை நீட்டி நிறுத்தினாள்.

"இன்னொரு தடவ."

போட்டாள்.

"அவரு பேப்பரக் கொளுத்திப் போட்டாராம். எரிஞ்சுச்சாம். அந்தக் காட்டுக்காரரு சொன்னாரு" என்றாள் நந்தினி. அழவில்லை. மீதியையும் கேட்டாள். ஒருவன் விழுந்துவிட்டால் தூக்க இன்னொருவன் இறங்கக் கூடாது, ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்தது.

"எழுதுங்க" என்றாள் நந்தினி. "இங்கயே எழுதுங்க. நான் பாக்கணும்."

வெற்றிச்செல்வி அந்தப் படியில் உட்கார்ந்து தன் போனில் எழுதினாள். ஒரு வாக்கியம் கேட்பாள், நிறுத்துவாள், எழுதுவாள். நந்தினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயில் படியேறி இருவர் காலிலும் விழுந்தது. நடுவில் நந்தினி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

முடிக்கும் நேரத்தில், "நான் ஒண்ணு சொல்றேன், போடுவீங்களா?" என்று கேட்டாள். "எறங்குறதுக்கு முன்னாடி, எந்த ஊரு, யாரு கெணறுன்னு வூட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும். எனக்கு அவரு எங்க போனாருன்னே சாயங்காலம் வரைக்கும் தெரியாதுக்கா."

அதையும் எழுதிச் சேமித்தாள். நந்தினி சுரேஷ்குமாரின் போனை எடுத்துத் திரையைக் கட்டைவிரலால் கீழே இழுத்துவிட்டாள். பழைய வரி மறைந்தது. பக்கம் நிரம்பி வந்தது.

"வந்துருச்சு" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

வெற்றிச்செல்வி கிளம்ப எழுந்தாள்.

"நீங்க வந்து சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லலக்கா. ஆனா இனிமே இங்க வராதீங்க" என்றாள் நந்தினி. கதவைச் சாத்தவில்லை, உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பத்து ஐம்பத்திரண்டுக்கு யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அதன் பிறகும் அந்தப் போன் கணக்கில் வரவே இல்லை. நந்தினி ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகப் பின்னால் வெற்றிச்செல்வி கேள்விப்பட்டாள்.

அய்யம்பெருமாளுக்கு அவளே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். "மார்ச்சுலயே சொன்னேனே தாயி" என்றார். அவ்வளவுதான். நான்கு மாதம் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. ஐப்பசி மழையில் கெபாசிட்டர் வெடிப்பது பற்றி ஒரு பேச்சு வந்தது. அதில் கிணற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. வந்த ஐந்தாவது நிமிடத்தில் அதை எழுதிப் போட்டாள்.

எழுதப்படாமல் இருந்த நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட தலைப்புகளை அழித்துவிட்டாள். அம்பிகா வேண்டாம் என்றுதான் சொன்னார்; தலைப்பு இருந்தால்தானே யாராவது எழுதுவார்கள் என்றார். அவள் கேட்கவில்லை. அரியலூர் அருள்முருகன் என்ற வைண்டர் ஒருமுறை, வீட்டுக்குப் போன் போடச் சொல்லும் வரி தொழில் விஷயம் இல்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து நீக்கினார். அவள் திரும்பச் சேர்த்தாள். அவர் மறுபடி நீக்கினார். அவரைக் கூப்பிட்டுப் பேசினாள். என்ன பேசினாள் என்று அம்பிகாவுக்குக்கூடத் தெரியாது. அதன் பிறகு அந்த வரியை யாரும் தொடவில்லை.

அந்தப் பக்கத்தின் தலையில் இப்போது அவள் போன் நம்பர் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் இறங்கும் முன் கூப்பிடவும் என்று போட்டிருக்கிறாள். மாதத்துக்கு நான்கைந்து அழைப்பு வரும்.

போன கோடையில் ஒரு நாள், காலை பதினொரு மணி வாக்கில், ஒரு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தெரியாத நம்பர். முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

"அக்கா, செந்துறைப் பக்கத்துலேருந்து ராஜா பேசுறேன். மெக்கானிக். கெணத்து மேல நிக்கிறேன். எஞ்சின் ஓட்டி நிறுத்தி ஒரு மணி நேரம் ஆச்சு. எறங்கலாமாக்கா?"

"எறங்காதீங்க. இன்னிக்கு எறங்கவே வேணாம். நான் சொல்றது கேக்குதா?"

"காட்டுக்காரரு அவசரப்படுறாருக்கா..."

"அவருகிட்ட போனக் குடுங்க. நான் பேசுறேன்."

அதற்குள் தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. மறுபடி கூப்பிட்டாள். டயர் கடைக்காரர் வந்து எதையோ கேட்டார். அவள் கை காட்டி அனுப்பினாள். எந்த ஊர், யார் கிணறு என்று அவனைக் கேட்காமல் விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட்டால் எங்கே போகச் சொல்வது? பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாள். ஒரு மணிக்குக் கூப்பிட்டாள். மதியச் சோற்றுத் தூக்குவாளி திறக்காமல் இருந்தது. செந்துறைப் பக்கம் தனக்குத் தெரிந்த இரண்டு வைண்டர்களுக்குப் போன் செய்து, ராஜா என்று ஒரு மெக்கானிக்கைத் தெரியுமா என்று கேட்டாள். அந்தப் பெயரில் நான்கு பேர் இருப்பதாகச் சொன்னார்கள்.

மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டபோதுதான் அவன் போன் அடித்தது. எடுத்தான்.

"சார்ஜ் தீந்துபோச்சுக்கா. இப்பத்தான் வூட்டுக்கு வந்து போட்டேன். எறங்கலக்கா. நாளைக்குக் காத்து அடிக்கிற மெஷினு கொண்டாரச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"சரிப்பா" என்றாள். "வூட்டுல இருக்கீங்கல்ல?"

"வூட்லதாங்க்கா. ஏங்க்கா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

போனை வைத்தாள். காயில் சுற்றும் சட்டத்தில் பாதி சுற்றிய கம்பி அப்படியே நின்றது. எத்தனையாவது சுற்றில் விட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. சுற்றியதை எல்லாம் அவிழ்த்தாள். பிறகு கம்பியின் நுனியைப் பிடித்து, ஒன்று என்று வாய்விட்டு எண்ணி, மறுபடி சுற்றத் தொடங்கினாள்.